மண் வாங்காமல் மேட்டுப்பாத்தி நிரப்புவது எப்படி: கட்டை, மட்டை, சாணம், சருகு அடுக்கும் முழு முறை

8 அடி நீளம், 3 அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்கு ஹாலோபிளாக் கல்லை அடுக்கி ஒரு மேட்டுப்பாத்தி கட்டினால் உள்ளே 36 கன அடி இடம் இருக்கும். காலி சிமெண்ட் சாக்கு ஒன்றில் சுமார் ஒன்றேகால் கன அடி மண் பிடிக்கும். அப்படியானால் 29 சாக்கு மண். கல் அடுக்கி முடித்த அன்று சாயங்காலம்தான் பலருக்கும் இந்தக் கணக்கு உறைக்கிறது. அப்புறம் கடையில் மண்கலவை விலை கேட்டுவிட்டு, பாத்தியைப் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

கீரை, வெண்டை, கத்தரிக்கு உண்மையில் நல்ல மண் வேண்டியது மேல் முக்கால் அடிக்குத்தான். அதற்குக் கீழே தோட்டத்தில் எரிக்கிற, குப்பையில் தள்ளுகிற கட்டையும் மட்டையும் சருகுமே போதும். ஆனால் வரிசையும் ஈரமும் தப்பினால் பாத்தி உள்வாங்கும், பயிர் வெளுக்கும், எலி குடியேறும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வரிசையைப் பற்றித்தான்.

நான் இருப்பது புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கம். செம்மண் பூமி. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப்போட்ட தென்னைகளை எங்கே தள்ளுவது என்று தெரியாமல்தான் இதில் இறங்கினேன். அதற்கப்புறம் அக்கம்பக்கத்தில் பலருக்குக் கூடநின்று நிரப்பிக் கொடுத்தாயிற்று. எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே ஐந்தாறு இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

மாடியில் வைக்க நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஈர மண் ஒரு கன அடி 45 கிலோவுக்குக் குறையாது. இந்த அளவுப் பாத்தி ஒன்றரை டன்னைத் தாண்டிவிடும். இது தரைக்கு மட்டுமான முறை.

1. முதலில் நாள் குறியுங்கள்

ஆடிப்பட்டத்தில் விதைக்க வேண்டுமென்றால் வைகாசி கடைசிக்குள் பாத்தி நிரம்பியிருக்க வேண்டும். நிரப்பியதிலிருந்து விதைப்பு வரை குறைந்தது 45 நாள் இடைவெளி வேண்டும். முதல் சில வாரங்களில்தான் உள்ளே சூடேறும், அடுக்குகள் வேகமாக அமுங்கும். அந்த ஆட்டம் அடங்கட்டும்.

சேர்க்கும் வேலை அதற்கும் முன்னால். மாசி, பங்குனியில் புங்கனும் வேம்பும் இலை கொட்டும்போதே சருகை அள்ளிச் சாக்கில் கட்டி வைத்துவிடுங்கள். வைகாசியில் தேடினால் சருகு இருக்காது. சாணம் எப்போதும் கிடைக்கும். கட்டை கிடைக்கும்போதுதான் கிடைக்கும், ஆகவே கண்ணில் பட்ட அன்றே எடுத்துவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் புதுப் பாத்தி நிரப்ப வேண்டாம். குழியில் தண்ணீர் நிற்கும், பச்சைத் தழை மட்காமல் அழுகி நாறும்.

2. சேர்த்து வைக்க வேண்டியவை

கீழே சொல்லும் அளவு 8×3 அடிப் பாத்திக்கு. தரைக்கு மேல் ஒன்றரை அடி, தரைக்குக் கீழே ஓரடி, ஆக மொத்தம் இரண்டரை அடி ஆழம். ஏன் தரைக்குக் கீழே போக வேண்டும் என்பது நான்காவது பகுதியில் வரும்.

- மணிக்கட்டுப் பருமனிலிருந்து தொடைப் பருமன் வரை கட்டைகள், குட்டியானை வண்டியில் பாதி
- விரல் பருமன் சுள்ளி, நான்கு கட்டு
- தேங்காய் உரிமட்டை, நூறு
- பச்சைத் தழை, ஐந்தாறு சாக்கு
- புதுச் சாணம், மூன்று பாண்டு
- சருகு, பத்துச் சாக்கு
- நன்றாக மக்கிய தொழுவுரம், நான்கு சாக்கு
- வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ, கடலைப் புண்ணாக்கு 3 கிலோ
- பழைய அட்டைப்பெட்டிகள், அரை இஞ்சு கண் உள்ள கம்பி வலை
- மண்வெட்டி, கடப்பாறை, அரிவாள், மண் சலிக்கும் சல்லடை

இதில் காசு கொடுத்து வாங்குவது புண்ணாக்கும் வலையும்தான், மாடு இல்லாத வீட்டுக்குத் தொழுவுரமும் சேரும். மின்கம்பிக்கு இடைஞ்சலாக இருக்கும் கிளைகளை மின்வாரிய ஆட்கள் வெட்டுகிற நாள் தெரிந்தால் ஒரு வண்டி கட்டை சும்மா கிடைக்கும். பஸ் ஸ்டாண்டு ஓரத்து இளநீர்க் கடைக்காரர் கூட்டை எடுத்துப் போங்கள் என்று அவரே கும்பிடுவார். ஆனால் இளநீர்க் கூட்டை முழுசாகப் போடக் கூடாது. நாலாகப் பிளந்துதான் போட வேண்டும். முழுக் கூட்டுக்குள் இருக்கும் வெற்றிடம் பிற்பாடு பாத்தியை உள்வாங்க வைக்கும்.

3. எதைப் போடக் கூடாது

எங்கள் மாவட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தைலமரம். சும்மா கிடைக்கிறதே என்று அதன் தழையை அள்ளிவருபவர்கள் நிறைய. அந்த எண்ணெய் வாடை இருக்கும்வரை விதை சரியாக முளைக்காது. பட்டை உரிந்து, ஒரு வருஷம் வெயிலும் மழையும் பட்ட கட்டையாக இருந்தால் அடியில் போடலாம். இலையும் பட்டையும் வேண்டவே வேண்டாம்.

சீமைக்கருவேலம் நல்ல கட்டைதான். ஆனால் முள்ளை முழுசாகச் செதுக்க வேண்டும், நெற்று ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. முள் சீக்கிரம் மட்காது, ரெண்டு வருஷம் கழித்துக் களை பிடுங்கும்போது உங்கள் விரலில்தான் ஏறும்.

அரளி விஷம், தொடாதீர்கள். பெயிண்ட் அடித்த கதவு, ப்ளைவுட், மருந்து ஏற்றிய மரம் எதுவும் காய்கறிப் பாத்திக்கு ஆகாது. கோரைக் கிழங்கும் அருகம்புல் வேரும் கலந்த மண்ணை ஒரு பாண்டுகூடச் சேர்க்க வேண்டாம். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்கியிருந்தால் மட்டும் பச்சைத் தழையோடு போடலாம்.

இனி, புதியவர்கள் யாரும் யோசிக்காத ஒன்று: போத்து, அதாவது வெட்டிய கிளையை, நட்டு வைத்தால் துளிர்க்கிற மரங்கள். முருங்கை, பூவரசு, கிளுவை, கிளிசீரிடியா, ஒதியன் எல்லாம் இந்த ரகம். தெரு முனையில் ஒருவர் பூவரசங் கட்டையை வெட்டிய அன்றே ஈரத்தோடு புதைத்தார். ஆடியில் கத்தரி நட்டார். புரட்டாசியில் கத்தரிக்கு நடுவே பூவரசு வரிசையாகத் தலைகாட்டியது. இந்த மரங்களை வெட்டினால் இரண்டு மாதமாவது வெயிலில் காயப்போட்டு, பட்டை சுருங்கி உரிய ஆரம்பித்த பிறகுதான் உள்ளே போட வேண்டும்.

4. இடமும் குழியும்

வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 6 அடி தள்ளி இடம் பாருங்கள். மரம் புதைக்கிற இடத்துக்குக் கரையான் வரும் வாய்ப்பு எப்போதும் உண்டு. அது உங்கள் கதவு நிலையைத் தேடிப் போக நாமே பாலம் போட்டுக் கொடுக்கக் கூடாது. வெயில் ஆறு மணி நேரமாவது விழ வேண்டும். அகலம் 4 அடியைத் தாண்டினால் நடுவில் கை எட்டாது, ஏறி மிதிக்க நேரும்.

இடம் குறித்தபின் உள்ளே ஓரடி ஆழம் தோண்டுங்கள். இதற்கு இரண்டு காரணம். ஒன்று, மழை குறைந்த நம் ஊரில் முழுப் பாத்தியும் தரைக்கு மேலே நின்றால் நாலு பக்கமும் காற்றும் வெயிலும் உறிஞ்சி இரண்டு நாளில் காய்ந்துவிடும். கட்டை தரைமட்டத்துக்குக் கீழே இருந்தால் ஈரம் தங்கும். இரண்டு, தோண்டிய மண்தான் உங்கள் மேல் மண். 24 சதுர அடியில் ஓரடி தோண்டினால் 24 கன அடி மண் கையில். மேலடுக்குக்கு வேண்டியது தொழுவுரத்தோடு சேர்த்தே 16 கன அடிதான். மிச்சமாகும் மண்ணுக்கும் வேலை இருக்கிறது.

தோண்டும்போதே மண்ணை இரண்டு குவியலாகப் பிரித்துப் போடுங்கள். முதல் அரை அடி ஒரு பக்கம், அடுத்த அரை அடி மறுபக்கம். மேல் அரை அடியில்தான் மட்கிய சத்தும் நுண்ணுயிரும் அதிகம், அது திரும்ப மேலேயே போக வேண்டும். ஒரே குவியலாகப் போட்டுவிட்டு, பிறகு அடிமண் மேலே வந்து, தண்ணீர் ஊற்றினால் செங்கல்லாக இறுகுகிறது என்று வருகிறவர்கள் அதிகம்.

களிமண், கரிசல் பூமியில் ஒரு சோதனை. குழியில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் அரை அடிக்கு மேல் தோண்டாதீர்கள், ஒரு மூலையிலிருந்து சின்ன வாய்க்கால் வெட்டி விடுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் குழி குட்டையாகும்.

5. கட்டையை ஊறப்போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். காய்ந்த கட்டையை அப்படியே புதைத்தால் மேலே ஊற்றுகிற தண்ணீரை எல்லாம் அது குடிக்கும், செடி வாடும். ஊறிய கட்டை வெயில்காலத்தில் ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

தனித் தொட்டி தேவையில்லை. தோண்டிய குழியிலேயே கட்டைகளைப் போட்டு மூன்று நாள் மாலையில் தண்ணீர் நிரப்பி விடுங்கள். செம்மண் உறிஞ்சினாலும் கட்டை தன் பங்கை எடுத்துக்கொள்ளும். குழியும் நனைந்துவிடும். தென்னங் கட்டை பஞ்சு மாதிரி இழுக்கும். வேம்பு, புளி மாதிரிக் கெட்டி மரத்துக்கு ஒரு வாரம்கூட ஆகலாம்.

கட்டைக் குவியலைக் கையால் புரட்டாதீர்கள். ஒரு மாதமாகக் கிடந்த குவியல் என்றால் தேளோ பூரானோ பாம்போ இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடப்பாறையால் தட்டி, நெம்பி, பிறகு எடுங்கள். செருப்புப் போதாது, ஷூ போடுங்கள். தட்டும்போது பொத்தென்று சத்தம் வருகிற, மண் கோடு ஓடிய கட்டையில் கரையான் இருக்கும். அதை எரித்துவிடுங்கள். அதன் சாம்பலை ஒரு கை அளவு பிற்பாடு பாத்தியில் தூவலாம்.

6. அடியில் வலை, அட்டை, அதன் மேல் கட்டை

குழி அடியில் முதலில் கம்பி வலை. பெருச்சாளி இல்லாத ஊர் என்றால் வேண்டாம், அப்படி ஒரு ஊரை நான் பார்த்ததில்லை. வலை மேல் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பரப்பி நனையுங்கள். டேப்பையும் ஸ்டேப்ளர் பின்னையும் பிய்த்துவிட வேண்டும். அட்டை, கீழே மிஞ்சிய களை மேலே வராமல் சில மாதம் தடுத்து, தானும் மட்கிவிடும்.

பிறகு கட்டை. பருமனானவை நடுவில், நீளவாக்கில். கல் சுவரை ஒட்டி நாலு விரல் இடைவெளி விடுங்கள். ஈரத்தில் உப்புகிற கட்டையும் அதன் மேல் ஏறும் மண்ணும் சேர்ந்து, சாந்து பூசாமல் அடுக்கிய கல்லை வெளியே தள்ளிவிடும். கட்டை அடுக்கு 10 அங்குலம் இருந்தால் போதும். பெரிய கட்டை எப்போதும் அடியில்தான். பருமனான கட்டை மெல்ல மட்கும், அதனால் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) மெல்லத்தான் இழுக்கும். தூளும் சீவலும் வேகமாக மட்கி, வேகமாக இழுக்கும்.

7. இடுக்கை அடைப்பதுதான் பெரிய வேலை

என் முதல் பாத்தியில் கட்டைகளை வேலி மாதிரி அழகாக அடுக்கினேன். மேலே சருகு, அதற்கு மேல் மண். கத்தரி நட்டு நன்றாகவே வந்தது. ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை போய்ப் பார்த்தால் நாலு காய் பிடித்திருந்த செடி இடுப்பு வரை உள்ளே போயிருக்கிறது. பக்கத்தில் கை விட்டேன். முழங்கை வரை போயிற்று, தட்டுப்படுகிற மாதிரி எதுவுமில்லை, சில்லென்று ஒரு பொந்து. அடியில் ஒரு தேரை உட்கார்ந்திருந்தது. மழைத்தண்ணீரோடு மண் முழுக்கக் கட்டை இடுக்கில் இறங்கிவிட்டது, செடியின் வேர் பாதி காற்றில் தொங்குகிறது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “என்னப்பா, செடிய நட்டியா, பொதைச்சியா?” என்று கேட்டார்.

இப்போது இப்படிச் செய்கிறேன். தனியாகப் போட்ட அடிமண் குவியல் நினைவிருக்கிறதா? அதில் தண்ணீர் ஊற்றிக் கூழ் மாதிரிக் கரைத்து, கட்டைகளின் மேல் பாண்டு பாண்டாக ஊற்றுவேன். ஊற்றிக்கொண்டே கடப்பாறையை இடுக்குகளில் குத்தி ஆட்ட வேண்டும், கான்கிரீட் போடும்போது கம்பியால் குத்துவார்களே, அதே மாதிரி. குமிழி வந்து அடங்கும். இனி இறங்காது என்கிற வரைக்கும் ஊற்றுங்கள். 12, 13 கன அடி மண் இதற்கே போய்விடும். அரை நாள் வேலை, சேறு முழங்கால் வரை. ஆனால் இதைச் சரியாகச் செய்த எந்தப் பாத்தியும் இதுவரை பொந்து விட்டதில்லை. எலிக்கும் இடமில்லை.

இந்தச் சேறு ஒரு நாள் காயட்டும். அடுத்த நாள் எங்காவது பள்ளம் விழுந்திருந்தால் மறுபடி ஊற்றி, சுள்ளியை மூன்று அங்குலத்துக்குப் பரப்பி மிதியுங்கள்.

8. மட்டை, பச்சை, சாணக் கரைசல்

சுள்ளிக்கு மேல் உரிமட்டை ஒரு வரிசை. குழிந்த பக்கம் மேலே பார்க்க வேண்டும். தென்னந்தோப்பில் மட்டை புதைக்கிறவர்கள் செய்வது இதுதான், ஒவ்வொரு மட்டையும் சின்னக் கிண்ணமாகத் தண்ணீரைத் தாங்கும். மட்டையையும் ஒரு நாள் ஊறப்போட்டு, சிவந்து வரும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அடுக்கியபின் மேலே ஒரு பாண்டு அடிமண்ணைத் தூவி இடுக்கை நிரப்புங்கள்.

அடுத்து பச்சைத் தழை. கிளிசீரிடியா, வாதநாராயணன், எருக்கு, அகத்தி, விதை வைக்காத களை, நறுக்கிய வாழைமட்டை எது கிடைத்தாலும் சரி. அதன் மேல் சாணக் கரைசல். ஒரு பாண்டு புதுச் சாணத்தை 50 லிட்டர் தண்ணீரில் கரைத்து, மூன்று தடவை ஊற்றினால் கட்டை வரைக்கும் இறங்கும். கோமியம் இருந்தால் சேர்க்கலாம்.

இது எதற்கு? கட்டையில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சில நூறு பங்கு கரிமம் என்கிற கணக்கு. சாணத்தில் அது 20 பங்குக்குப் பக்கம். கட்டையை மட்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து வேண்டும். அருகில் கிடைக்காவிட்டால் மேல் மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும், உங்கள் பயிர் பட்டினி கிடக்கும். அவற்றின் சாப்பாட்டை அடியிலேயே வைத்துவிட்டால் மேலே வர மாட்டா. கடலைப் புண்ணாக்கில் சுமார் 7 சதவீதம் தழைச்சத்து உண்டு. 3 கிலோவையும் இடித்து இந்த அடுக்கிலேயே தூவிவிடுங்கள்.

சமைத்த சோறு, குழம்பு, மீன் முள் இதில் வேண்டாம். வாசனைக்கே பெருச்சாளி வலையைச் சுற்றி வந்து கல்லுக்கடியில் தோண்டும். காய்கறித் தோல் போடலாம்.

9. சருகை மிதியுங்கள்

சருகு ஏமாற்றும். ஒரு முழம் உயரத்துக்குக் கொட்டிவிட்டு, பாத்தி நிரம்பிவிட்டது என்று மேலே மண்ணைப் போட்டால் இரண்டே மழையில் பாதிக்குப் போய்விடும். கொஞ்சம் கொட்டு, நனை, ஏறி மிதி, மறுபடி கொட்டு. பத்துச் சாக்குச் சருகு மிதித்தபின் நாலு விரல் உயரம்தான் இருக்கும். அதுதான் சரியான அளவு. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் விடுங்கள், கூப்பிட வேண்டியதே இல்லை.

மாமரச் சருகு தடித்துப் பாய் மாதிரிப் படிந்துகொள்ளும், தண்ணீர் இறங்காது. அதை மட்டும் போடாமல் வேம்பு, புங்கன் சருகோடு கலக்க வேண்டும். சருகின் மேல் வேப்பம் புண்ணாக்கு 5 கிலோவையும் தூவுங்கள்.

10. மேல் மண்

இங்கேதான் கஞ்சத்தனம் கூடாது. தனியாக எடுத்து வைத்த மேல்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. 8 அங்குல உயரம். எல்லாம் சேர்த்தால் கட்டை 10, சுள்ளி 3, மட்டை 3, பச்சை 3, சருகு 3, மண் 8, மொத்தம் 30 அங்குலம். அதாவது உங்கள் இரண்டரை அடி. இன்னும் மண் மிச்சமிருந்தால் சுவருக்கு மேல் நாலு விரல் கூம்பாக ஏற்றுங்கள், எப்படியும் இறங்கத்தான் போகிறது.

தொழுவுரத்தைச் சலிக்காமல் போடாதீர்கள். சாணக்குழியில் கட்டைவிரல் பருமனில், வெள்ளையாக வளைந்து கிடக்கும் புழு, காண்டாமிருக வண்டின் புழு. அது செடி வேரைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, மக்கினதைத் தின்னும். ஆனால் வண்டானதும் பறந்துபோய்த் தென்னங் குருத்தைத்தான் குடையும். புயலுக்கப்புறம் அழுகிக் கிடந்த தென்னங் கட்டைகளே இந்த வண்டுக்கு வளர்ப்புக் கூடம். அதனால்தான் தென்னங் கட்டையை எப்போதும் அடி அடுக்கில், சேறு பூசி மூடிவிடச் சொல்கிறேன். சல்லடையில் மாட்டுகிற புழுவைக் கோழிக்குப் போட்டால் அதற்கு விருந்து.

உரம் மக்கியிருக்கிறதா என்று தெரியவில்லையா? ஒரு டம்ளரில் அந்தக் கலவையைப் போட்டு இருபது வெந்தயம் விதையுங்கள், இன்னொன்றில் வெறும் மண்ணில் இருபது. நாலைந்து நாளில் இரண்டும் ஒரே மாதிரி முளைத்து நின்றால் உரம் நல்லது. கலவையில் மட்டும் நுனி கருகினால் இன்னும் ஒரு மாதம் ஆறட்டும்.

மண்ணைப் பொலபொலப்பாக்க மரத்தூளைக் கலக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. மேல் மண்ணில் மரத்தூள் ஒரு கைப்பிடிகூட வேண்டாம், ஆறாவது பகுதியில் சொன்ன அதே காரணம்தான். தென்னை நார்க்கழிவு கலப்பதானால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து, பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 5 கிலோக் கட்டி ஒன்று ஊறினால் 70 லிட்டருக்கு மேல் வரும். ஒரே கட்டி ஒரு பாத்திக்குத் தாராளம்.

11. தண்ணீரும் காத்திருப்பும்

முதல் பத்து நாள் தினமும் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். ஹோஸை வைத்து அடித்தால் மேல் மண் கரைந்து ஓடும். 2 அங்குல பிவிசி குழாய்த் துண்டு ஒன்றில் சுற்றிலும் துளை போட்டு, நிரப்பும்போதே நடுவில் செங்குத்தாக நட்டுவிட்டால் கோடையில் வசதி. அதில் ஊற்றும் தண்ணீர் நேரே கட்டைக்குப் போகும். வாயை ஒரு துணியால் கட்டி மூடுங்கள், கொசு வராது.

உள்ளே சூடு இருக்கிறதா என்று பார்க்க ஓரடி நீளக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் விட்டு உருவித் தொடுங்கள். கம்பி வெதுவெதுப்பாக இருந்தால் பொறுத்திருங்கள். சூடு அடங்கியதும் தட்டைப்பயறு, சணப்பு, கம்பு, எள் என்று கையில் கிடைத்ததைக் கலந்து நெருக்கமாகத் தூவுங்கள். பூ எடுக்கும் முன் அறுத்து அங்கேயே மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாக, போட்டுவிடலாம். காத்திருக்கும் நாட்களில் மண் வெறுமனே வெயிலில் காயாது, வேர்களும் மேல் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

12. முதல் வருஷம் என்ன போடலாம்

அவரை, கொத்தவரை, தட்டைப்பயறு முதலில். தழைச்சத்தைத் தாமே வேர் முடிச்சில் தேடிக்கொள்ளும் பயிர்கள் இவை. கொடி விட இடமிருந்தால் ஓரத்தில் ஒரு பூசணி, இந்தப் பாத்தியில் அது பேய் மாதிரி ஓடும். வெண்டை, கத்தரி, கீரை எல்லாம் வரும், ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை புண்ணாக்குக் கரைசல் (செய்முறை அடுத்த பகுதியில்) கொடுக்க வேண்டும்.

முள்ளங்கி, கேரட் வேண்டாம். அமுங்கிக்கொண்டிருக்கிற மண்ணில் கிழங்கு கோணல்மாணலாகப் பிளக்கும். கறிவேப்பிலை, எலுமிச்சை மாதிரி நிரந்தரச் செடிகளும் வேண்டாம். பாத்தி வருஷா வருஷம் இறங்கும், நீங்கள் மேலே மண் போடப் போட அவற்றின் தண்டு புதைந்து அழுகும்.

13. வழக்கமாக வரும் கோளாறுகள்

அடி இலைகள் வெளிர் மஞ்சளாகி, செடி வளராமல் நின்றால் தழைச்சத்துப் பற்றாக்குறை. ஒரு அக்கா இதைத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு வேளை ஊற்றினார். கொஞ்சநஞ்சம் இருந்த சத்தும் கீழே இறங்கிவிட்டது. அரைக் கிலோக் கடலைப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, அதைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து வேரில் ஊற்றச் சொன்னேன். அடுத்த வாரம் புதுத் துளிர் பச்சையாக வந்தது. மஞ்சளான பழைய இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

முட்டை அழுகிய நாற்றம் வந்தால் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. தரைமட்டத்தில் ஒரு கல்லை லேசாக நகர்த்தி வழிவிடுங்கள், நாலைந்து நாள் தண்ணீரை நிறுத்துங்கள்.

சுள்ளெறும்பு கூட்டம் கூட்டமாக வந்தால் உள்ளே காய்ந்துகிடக்கிறது என்று அர்த்தம். கரையான் வருவதும் பெரும்பாலும் அப்படித்தான். குழாய் வழியாக நிறையத் தண்ணீர் விட்டு, மூடாக்கைச் செடியின் தண்டிலிருந்து நாலு விரல் விலக்கி வையுங்கள். தண்டைச் சுற்றி மண் பூச்சு தெரிந்தால் அதைத் தட்டிவிட்டு வேப்பம் புண்ணாக்கைச் சுற்றிலும் போடுங்கள்.

மழையில் காளான் முளைக்கும். கட்டை மட்குகிறது என்பதற்கு அடையாளம், அப்படியே விடலாம். ஆசைப்பட்டுச் சமைக்கக் கூடாது, எது விஷக்காளான் என்று பார்வைக்குத் தெரியாது.

14. அடுத்த வருஷம்

முதல் வருஷ முடிவில் பாத்தி ஒரு சாண் வரைக்கும் இறங்கியிருக்கும். தப்பு எதுவும் நடக்கவில்லை, சருகும் பச்சையும் மட்கி மண்ணாகிவிட்டன. கிளறிப் பார்க்க வேண்டாம். பழைய செடிகளை வேரோடு பிடுங்காமல் அடியில் அறுத்துவிட்டு, சித்திரையில் மூன்று நாலு சாக்குத் தொழுவுரமும் இரண்டு சாக்கு மண்ணும் போட்டு மேலே சருகு மூடாக்கு. இரண்டாம் வருஷத்தில் தண்ணீர்ச் செலவு குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். என் பாத்தியில் கோடையில் தினம் விட்டது, ஒரு நாள் விட்டு ஒரு நாளானது.

மூன்றாம் ஆடிக்கு முன் கடப்பாறையைப் பாத்தியின் நடுவில் மெல்ல அழுத்திப் பாருங்கள். முருங்கையும் தென்னையும் போட்ட இடத்தில் அது வெண்ணெயில் இறங்குவது போல ஓரடிக்கு மேல் போகும். வேம்போ புளியோ போட்டிருந்தால் இன்னும் டக்கென்று தட்டும். தட்டாத பக்கத்தில் முள்ளங்கி விதைக்கலாம்.